வலது காதுல நாடித் துடிப்பு கேக்குது: எந்த டெஸ்ட் முதல்ல, எந்த எம்.ஆர்.ஐ.?

கெடிலக்கரை

வீட்டம்மாவுக்காகக் கேக்குறேன். வயசு 34, உயரம் 156 செ.மீ., எடை 82 கிலோ. கடலூர் மஞ்சக்குப்பம். ஆறு வாரமா வலது காதுல மட்டும் "புஸ்… புஸ்…"னு சத்தம். மணிக்கட்டுல நாடி பிடிச்சுப் பாத்தா அதோட அச்சாப் பொருந்துது. மாடி ஏறினா வேகமாகுது. தலைய வலப்பக்கம் திருப்பினா கொறையுது, இடப்பக்கம் திருப்பினா கூடுது. படுத்தா ரொம்ப அதிகம்.

இதுவரை பாத்தது: காதுல குறும்பி இல்ல, சவ்வு நல்லா இருக்கு. பி.பி. 132/84. ஹீமோகுளோபின் 9.4. டி.எஸ்.எச். (தைராய்டு டெஸ்ட்) 2.8. ஆடியோகிராம்ல (கேட்கும் திறன் சோதனை) வலது காது 250, 500 ஹெர்ட்ஸ்ல 30 டெசிபல், மத்ததெல்லாம் 15க்குள்ள. கழுத்து டாப்ளர் (ரத்த ஓட்டம் பாக்குற ஸ்கேன்) நார்மல். நரம்புக்குன்னு சத்து மாத்திரை எழுதிக் கொடுத்திருக்காங்க.

அவங்களுக்கு இது ஹார்ட்டோ, மூளையில கட்டியோன்னு பயம். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தூக்கம் இல்ல. எம்.ஆர்.ஐ. அவசியமா? எடுத்தா எது? வேற எதையாவது விட்டுட்டோமா?

ஒலிமானி

ஆடியோகிராம்ல இருந்தே ஆரம்பிக்கலாம், ஏன்னா அந்த 30 டெசிபல பாத்து "காது மந்தம்"னு யாராவது சொல்லிடுவாங்க. அது மந்தமா இல்லாமயும் இருக்கலாம். இந்த "புஸ்" கனத்த, தாழ்ந்த சத்தம். 250, 500ல கொடுக்குற டோனும் தாழ்ந்ததுதான். உள்ள ஓடுற சத்தம் வெளிய இருந்து வர்ற டோன மூடிடும், அதனால அவங்க லேட்டா பட்டன் அமுக்குவாங்க. 1000க்கு மேல மூட முடியாது, அங்க 15 சரியா வருது பாருங்க.

மறுபடி எடுக்கும்போது சோதிக்கிறவங்ககிட்ட ரெண்டு விஷயம் கேளுங்க. சாதா டோனுக்குப் பதிலா வார்பிள் டோன் (சுருதி லேசா ஏறி இறங்குற டோன்) கொடுக்கச் சொல்லுங்க. வலது பக்கக் கழுத்த லேசா அமுக்கி வச்சுக்கிட்டு 250, 500 மட்டும் திரும்பப் பாக்கச் சொல்லுங்க. அமுக்கினா 30 இறங்கி 15, 20க்கு வந்துச்சுன்னா காது நல்லாருக்கு, சத்தம்தான் மறைச்சிருக்குன்னு அர்த்தம். சத்தம் ரத்தக் குழாயில, அதுவும் சிரைப் பக்கம் (ரத்தத்த இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவர்ற குழாய்) இருந்து வருதுங்கறதுக்கும் அது ஒரு துப்பு. அமுக்கியும் இறங்கலன்னா எலும்பு வழிக் கேட்டலையும் எடுத்துப் பாக்கணும். நடுக்காதுல கோளாறு இருந்தா வெளிச் சத்தம் அடங்கி, உள்சத்தம் தூக்கலாக் கேக்கும். காதைப் பொத்திக்கிட்டா சொந்தக் குரல் முழங்குமே, அதே கதைதான்.

டிம்பனோமெட்ரி (காதுக்குள்ள அழுத்தம் மாத்திச் சவ்வோட அசைவ அளக்குற சோதனை) எடுத்தாங்களான்னு எழுதல. எடுத்தா, அழுத்தத்த நிலையா வச்சு கோடு நாடியோட சேர்ந்து ஆடுதான்னு பாக்கச் சொல்லணும். சவ்வுக்குப் பின்னாடி ரத்தக் குழாய்க் கட்டி இருந்தா ஆடும். மூச்சோட சேர்ந்து ஆடினா மூக்குக்கும் காதுக்கும் நடுவுல இருக்குற குழாய் மூடாமத் திறந்தே கெடக்குன்னு அர்த்தம், அது வேற காரணம்.

செவிப்பறை

நல்ல தகவலோட கேட்டிருக்கீங்க சார். பாதி விடை உங்க கேள்வியிலேயே இருக்கு.

சாதாரண காது இரைச்சல் "ங்ங்ங்"னு ஒரே சீரா இருக்கும். பெரும்பாலும் செவி நரம்புப் பக்கம். தேடினாலும் ஒண்ணும் கிடைக்காது. நாடியோட சேர்ந்து வர்றது அப்படி இல்லை. நிஜமாவே உடம்புக்குள்ள ஓடுற ரத்தத்தின் சத்தம் அது. அதனால தேடினா காரணம் கிடைக்க வாய்ப்பு அதிகம், கிடைச்சா பல நேரம் சரி பண்ணவும் முடியும். சத்து மாத்திரையோட நிறுத்தக்கூடாதுன்னு சொல்றதும் அதனாலதான்.

காதுக்கு உள்ள முக்கியமான ரெண்டு குழாய்கள் போகுது. மூளைக்கு ரத்தம் கொண்டுபோற தமனி, உள்காதுக்குப் பக்கத்துலேயே எலும்பைத் துளைச்சிட்டு ஏறுது. மூளையில இருந்து ரத்தம் இறக்குற பெரிய சிரை காதுக்குப் பின்னாடி வளைஞ்சு, நடுக்காதோட தரைக்குக் கீழே குமிழ் மாதிரி திரும்பி, கழுத்துக்குள் இறங்குது. நடுவுல இருக்கிறது மெல்லிய எலும்பு. அந்த எலும்பு தேய்ஞ்சாலோ, குழாய் குறுகி ரத்தம் சுழிச்சு ஓடினாலோ, ரத்தம் வேகமா ஓடினாலோ சத்தம் காதுக்குள் கசியும். மதகுல பாதிக் கதவை இறக்கினா தண்ணி சீறுதில்ல, அது மாதிரி.

தலையை வலப்பக்கம் திருப்பினா குறையறதும் எதிர்ப்பக்கம் கூடறதும் சிரைச் சத்தத்தோட குணம். திருப்பும்போது அந்தப் பக்கத்துக் கழுத்துச் சிரை நசுங்குது, ஓட்டம் குறையுது. பெரும்பாலானவங்களுக்கு மூளையின் வடிகால் வலது பக்கம்தான் பெரிசு, அதனால இந்த வகைச் சத்தம் வலது காதுலதான் அதிகம் கேக்கும். வீட்டில் கழுத்தை அமுக்கிப் பாக்கணும்னா, தாடைக் கோணத்துக்குக் கீழே ரெண்டு விரலை வச்சு, தோல் குழியற அளவு மட்டும், அஞ்சு வினாடி. விரலுக்கடியில் துடிப்பு தட்டுப்பட்டா அது தமனி, அதை அமுக்காதீங்க. மயக்கம் வரும், வயசானவங்களுக்கு பக்கவாதம் வரைக்கும் போகும். ரெண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அமுக்கவே கூடாது.

ஹீமோகுளோபின் 9.4 சின்ன விஷயம் இல்லை. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை. ரத்தம் நீர்த்தா ஓட்டம் வேகமாகும், சத்தம் கூடும். ஆனா ரத்தசோகை மட்டும்னா ரெண்டு காதுலயும் கேக்கறதுதான் வழக்கம். ஒரு பக்கம் மட்டும்னா அதுக்கு மேலயும் ஏதோ இருக்கு.

மூணு கேள்விக்குப் பதில் வேணும். ஒண்ணு, தலைவலி இருக்கா, காலையில் எழும்போதோ குனியும்போதோ கூடுதா? ரெண்டு, குனிஞ்சு நிமிரும்போது பார்வை சில வினாடி மங்கி திரும்ப வருதா? மூணு, கடந்த ஆறு மாசத்தில் என்னென்ன மாத்திரை? பருவுக்குச் சாப்பிட்டது, வைட்டமின் ஏ, கருத்தடை மாத்திரை எதையும் விடாம எழுதுங்க.

கெடிலக்கரை

தலைவலி இருக்கு சார், பின்னந்தலை, காலையில ஜாஸ்தி. தூக்கம் இல்லாததாலன்னு நெனச்சோம். இப்ப கேட்டா, கோலம் போட்டு நிமிரும்போது ரெண்டு மூணு வினாடி சாம்பல் பூத்த மாதிரி ஆகுதுங்கறாங்க. கருத்தடை மாத்திரை கிடையாது. முகப்பருவுக்கு டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. தினம் ஒண்ணு, பத்து வாரமா ஓடுது.

செவிப்பறை

அப்ப வரிசை மாறுது. எம்.ஆர்.ஐ.க்கு நாள் வாங்கறதுக்கு முன்னாடி நாளைக்கே கண்ணைக் காட்டுங்க.

இளம் வயசுப் பெண், உடல் எடை கூடுதல், நாடியோட வர்ற சத்தம், காலைத் தலைவலி, நிமிரும்போது பார்வை மங்கல், டாக்ஸிசைக்ளின். இந்த ஆறும் சேர்ந்தா மண்டைக்குள் நீர் அழுத்தம் கூடியிருக்கான்னு பாக்காம விடக்கூடாது. கட்டி இல்லாமலேயே அழுத்தம் ஏறும் நிலை இது. டெட்ராசைக்ளின் குடும்பத்து மருந்துகளும், பருவுக்கே கொடுக்கிற ஐசோட்ரெட்டினாயினும், அளவு மீறின வைட்டமின் ஏயும் இதைத் தூண்டும். இரும்புச் சத்துக் குறைவும் இதோட சேர்ந்து வர்றது உண்டு. உயிருக்கு உடனே ஆபத்து பெரும்பாலும் இல்லை. பயப்பட வேண்டியது கண்ணுக்குத்தான்: பார்வை நரம்பின் முனை வீங்கி, கவனிக்காம விட்டா பார்வை நிரந்தரமாப் போகும். வீக்கத்தைக் கண்டுபிடிக்கிறது மலிவான சோதனை. சொட்டு மருந்து விட்டுக் கண்ணின் பின்திரையைப் பாக்கறது, அவ்வளவுதான். இந்தப் புகாரோட வர்றவங்களுக்கு அதிகமா விட்டுப்போறதும் இதேதான்.

கடலூர்க்காரங்களுக்குத் தவளக்குப்பத்து அரவிந்த் கண் மருத்துவமனை பக்கம். மஞ்சக்குப்பத்து அரசு தலைமை மருத்துவமனை கண் பிரிவிலும் பாக்கலாம். எங்க போனாலும் "கண்ணு மங்குது"ன்னு மட்டும் சொல்லாதீங்க, கண்ணாடி நம்பர் பாத்து அனுப்பிடுவாங்க. "நாடியோட காதுச் சத்தம், நிமிர்ந்தா மங்கல், பார்வை நரம்பு வீக்கம் இருக்கா பாருங்க, பார்வைப் புலச் சோதனையும் வேணும்"னு சொல்லுங்க.

டாக்ஸிசைக்ளின் பருவுக்கான மருந்துதான், ஒரு வேளை விட்டா ஒண்ணும் ஆகாது. அடுத்த மாத்திரை போடறதுக்கு முன்னாடி எழுதிக் கொடுத்த தோல் டாக்டரைக் கூப்பிட்டு இதைச் சொல்லுங்க. மாத்தும்போது ஐசோட்ரெட்டினாயின் வேண்டாம்னும் ஞாபகப்படுத்துங்க.

மங்கல் வந்து போகாம அப்படியே நின்னா, ஒண்ணு ரெண்டாத் தெரிஞ்சா, இதுவரை வராத கடுந்தலைவலி வந்தா, கை கால் இழுத்தா, பேச்சு குழறினா, நாள் எல்லாம் பாக்காம அன்னைக்கே அவசரப் பிரிவு, 108.

ஸ்கேன் ரூம்

எம்.ஆர்.ஐ. பத்தி. "எம்.ஆர்.ஐ. பிரெயின்"னு மட்டும் சீட்டு எழுதினா மூளைய மட்டும் எடுத்து "நார்மல்"னு கொடுத்துடுவாங்க. காசும் போச்சு, பதிலும் இல்ல. சீட்டுல இருக்க வேண்டியது: எம்.ஆர்.ஐ. பிரெயின், கூடவே தமனிக்கு எம்.ஆர். ஆஞ்சியோ, சிரைக்கு எம்.ஆர். வீனோகிராம். காரணம் எழுதுற இடத்துல "வலது காது, நாடியோடு இணைந்த சத்தம், மண்டை அழுத்தம் சந்தேகம்"னு தெளிவா எழுதியிருக்கணும். இந்த ஒரு வரி இருந்தாத்தான் படம் பாக்குறவரு கண்ணு சரியான இடத்துக்குப் போகும்: பிட்யூட்டரி சுரப்பி இருக்குற பள்ளம் காலியா இருக்கா, கண் உருண்டையோட பின்பக்கம் தட்டையாயிருக்கா, பார்வை நரம்ப சுத்தி நீர் கூடுதலா, காதுக்குப் பின்னாடி போற குறுக்குச் சிரை சுருங்கியிருக்கா.

வீனோகிராம்ல இன்னொரு காரணமும் இருக்கு. மூளைச் சிரையில ரத்தம் உறைஞ்சாலும் இதே தலைவலி, இதே மங்கல், இதே சத்தம் வரும். அதுக்கு வைத்தியம் முழுக்க வேற. அது இல்லன்னு தெரிஞ்சப்புறம்தான் முதுகுல ஊசி போட்டு நீரழுத்தம் பாக்கணும். 25 செ.மீ. தண்ணி அளவுக்கு மேல இருந்தா அழுத்தம் கூடுதல்னு எடுத்துப்பாங்க.

கழுத்து டாப்ளர் நார்மல்ங்கறத வச்சு நிம்மதியாக வேண்டாம். அது தாடைக்குக் கீழ வரைக்கும்தான் பாக்கும். இங்க சத்தம் போடுறது மண்டையோட்டுக்கு உள்ள.

எடுக்கப் போகும்போது கொலுசு, மெட்டி, தாலிச் சங்கிலி, ஹேர்பின், ஊக்கு எல்லாம் வீட்லயே கழட்டி வச்சுடுங்க. தாலியக் கழட்ட மனசில்லன்னா மஞ்சக் கயித்துல கட்டிக்கலாம், ஆனா அதுல உலோகம் ஒண்ணும் கோத்திருக்கக் கூடாது. உள்ள அரைமணி நேரத்துக்கு மேல ஆகும், பெருஞ்சத்தம், காதுக்கு அடைப்பு தருவாங்க. மருந்து ஊசி போடணும்னா கிரியாட்டினின் (சிறுநீரக டெஸ்ட்) ரிப்போர்ட் கேப்பாங்க, கர்ப்பமா இருக்க வாய்ப்பிருந்தா முதல்லயே சொல்லணும்.

எம்.ஆர்.ஐ.ல ஒண்ணும் சிக்கலன்னா அடுத்தது காதெலும்பு சி.டி., 1 மி.மீ.க்கும் மெல்லிய வெட்டுல. சிரைமேல எலும்பு தேய்ஞ்சிருக்குறது, குமிழ் மேலேறி இருக்குறது எல்லாம் அதுலதான் தெளியும். புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில ஈ.என்.டி., நரம்பியல், ரேடியாலஜி மூணும் கோரிமேட்டுல ஒரே வளாகம், அலைச்சல் மிச்சம்.

தாழங்குடா

நடுவுல ஒரு கேள்வி. 61 வயசு ஆண், ரெண்டு காதுலயும் "தொம் தொம்", தலையணையில காதை வச்சா மட்டும். எழுந்தா இல்ல. பி.பி. மாத்திரை சாப்பிடுறார். இதுக்கும் இவ்ளோ பாக்கணுமா?

செவிப்பறை

காதைத் தலையணையில் அமுக்கினா மட்டும், ரெண்டு பக்கமும், எழுந்தா இல்லைன்னா பெரும்பாலும் அது காது பொத்திக்கிறதால கேக்கிற சொந்த நாடிதான். மல்லாந்து படுத்தா போகுதான்னு பாருங்க. போனா குறும்பியையும் பி.பி.யையும் மட்டும் கவனிங்க. அஞ்சு நிமிஷம் சாய்ஞ்சு உக்காந்து, கையை நெஞ்சு உயரத்தில் வச்சு, காலை மாலை ரெண்டு தடவை, ஒரு வாரம் குறிச்சு வைங்க. கருவாடும் ஊறுகாயும் ஒரே தட்டில் இருந்தா மாத்திரையை மட்டும் குறை சொல்லாதீங்க. ஒரு நாளைக்கு மொத்த உப்பே 5 கிராமுக்குள்ள, ஒரு டீஸ்பூன்.

ஒரு பக்கம் மட்டும்னு மாறினா, உக்காந்திருக்கும்போதும் கேட்டா, இந்த வயசில் கழுத்துத் தமனி அடைப்பைப் பாக்கணும். அங்க டாப்ளர்தான் முதல் சோதனை. முடி வெட்டுற கடையில் கழுத்தைச் சொடுக்கு எடுக்கிற பழக்கம் இருந்தா நிறுத்திடுங்க. தமனியின் உள்சுவர் கிழிஞ்சு இதே சத்தம் வரும், கூடவே கழுத்துவலி, ஒரு பக்கம் இமை இறங்கும். வண்டியில் விழுந்து சில நாள், சில வாரம் கழிச்சு சத்தம் கேட்டு ஒரு கண்ணு சிவந்து பிதுங்கினா அதுவும் அவசரம்தான்.

ஒலிமானி

கெடிலக்கரை அண்ணே, ராத்திரி விஷயத்த யாரும் தொடல.

சத்தத்தப் பத்தின பயம் சத்தத்தையே கூட்டும், இது மனப்பிரமை இல்ல. பயந்தா அட்ரினலின் ஏறுது, இதயம் வேகமாவும் பலமாவும் அடிக்குது, உள்ள ஓட்டம் கூடுது, காதுல இன்னும் பலமாக் கேக்குது, அதக் கேட்டு இன்னும் பயம். "ஹார்ட்டா?"ன்னு கேட்டீங்க. காதுக்குக் கேக்குறதால ஹார்ட்ல கோளாறுன்னு ஆகாது. டாக்டர் ஸ்டெத் வச்சுப் பாத்து வால்வுச் சத்தம் இருக்குன்னா எக்கோ (இதய ஸ்கேன்), இல்லன்னா வேண்டாம். கட்டி பயத்துக்குத்தான் எம்.ஆர்.ஐ. எடுக்கப் போறீங்க.

காதுல பஞ்சோ அடைப்போ வைக்க வேண்டாம். வெளிச்சத்தம் போயிட்டா உள்சத்தம் மட்டும் பாக்கி. ராத்திரி கரண்ட் போயி ஃபேன் நின்னதும் சத்தம் திடீர்னு பெரிசானதா தோணுறதும் இதே கணக்குதான். ஃபேன் ஓடட்டும், போன்ல அலைச்சத்தம் போட்டுத் தலைமாட்டுல வைங்க, சார்ஜ் பண்ணி வச்சா கரண்ட் போனாலும் ஓடும். தாழ்ந்த சத்தத்த தாழ்ந்த சத்தந்தான் மறைக்கும். தேவனாம்பட்டினத்து அலை மாதிரி கனமா இருக்கணும், சலங்கை, புல்லாங்குழல் எல்லாம் இதுக்கு உதவாது. முழுக்க மூடுற அளவுக்கு ஏத்தாதீங்க. "புஸ்" லேசாத் தெரியணும், அதுக்குக் கொஞ்சம் கீழ வைங்க. அப்பத்தான் மூளை ரெண்டையும் சேத்து ஒதுக்கப் பழகும்.

கட்டிலோட தலைப்பக்கக் காலுக்கு ஒரு செங்கல் உயரம் கொடுங்க. வெறும் தலையணைய அடுக்கினா கழுத்து மடங்கும், சிரை வடியாது. சாயங்காலத்துக்கு மேல காப்பி, டீ வேண்டாம். நாடி பிடிச்சுப் பாக்குறதும் கழுத்த அமுக்கி நிறுத்துறதும் ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல கூடாது. இது மறைமுகமா "இது ஆபத்து"ன்னு மூளைக்குச் சொல்லிக்கிட்டே இருக்குற வேலை.

பூண்டு எண்ணெய் காய்ச்சி விடுங்கன்னு யாராச்சும் வருவாங்க. சவ்வு நல்லா இருக்குற காதுக்கு எண்ணெயால ஒரு பயனும் இல்ல, சூடு தப்பினா சவ்வு போயிடும்.

செவிப்பறை

இரும்பு மாத்திரையைத் தள்ளிப்போட வேண்டாம், கண், ஸ்கேன் நடக்கும்போதே ஆரம்பிக்கலாம். ஏன் குறைஞ்சுதுன்னும் பாக்கணும். இந்த வயசில் மாதவிடாய் அதிகமாப் போறதுதான் முதல் சந்தேகம். வெறும் வயித்தில் தண்ணியோட, முடிஞ்சா எலுமிச்சைச் சாறோட. டீ, காப்பி, பால், கால்சியம் மாத்திரை எல்லாம் ரெண்டு மணி நேரம் தள்ளி. மலம் கறுக்கும், அது சகஜம். நாலு வாரத்தில் ஹீமோகுளோபின் 1 கிராமாவது ஏறலைன்னா மாத்திரை உடம்பில் சேரலை, இல்ல ரத்தம் எங்கயோ போயிட்டிருக்கு. 12 தொட்டதும் நிறுத்திடுவாங்க, அது தப்பு. அதுக்கப்புறம் மூணு மாசம் சாப்பிட்டாத்தான் கையிருப்பு நிறையும்.

அழுத்தம்தான்னு உறுதியானா அதைக் குறைக்க அசெட்டசோலமைடுங்கிற மாத்திரை எழுதுவாங்க. விரல் நுனி மரத்துப் போகும், சோடா குடிச்சா சப்புன்னு இருக்கும். இது ரெண்டும் பயப்படற விஷயம் இல்லை. சல்ஃபா அலர்ஜி, சிறுநீரகக் கல் இருந்தா முதல்லயே சொல்லணும். மருந்தை விட நிலைச்சு நிக்கிறது எடைக் குறைப்பு. 82 கிலோவில் 4லிருந்து 8 கிலோ இறங்கினாலே அழுத்தம் இறங்கத் தொடங்கும், சத்தமும் கூடவே. பட்டினி வேண்டாம், ரத்தசோகை வேற இருக்கு. மருந்துக்கும் எடைக்கும் மசியாம, குறுக்குச் சிரை சுருங்கினதுதான் காரணம்னு தெரிஞ்சா ஸ்டென்ட் வைக்கிற முறையும் இருக்கு. அது கடைசிப் படி.

கெடிலக்கரை

எல்லாருக்கும் நன்றி. தோல் டாக்டர் டாக்ஸிசைக்ளின நிறுத்தச் சொல்லிட்டார். நாளைக்குக் காலையில தவளக்குப்பம். பைக்கிலயே கூட்டிட்டுப் போயிடலாமா?

ஒலிமானி

நீங்க ஓட்டினாப் பரவால்ல, திரும்பும்போது அவங்க ஓட்ட முடியாது. சொட்டு விட்டா அஞ்சாறு மணி நேரம் கிட்டப் பார்வை மங்கும், வெயில் கூசும். பின்னாடி உக்காந்து வெயில்ல வர்றதும் சிரமம். பாண்டி பஸ் தவளக்குப்பத்துல நிக்கும், அதுலயே போயிட்டு வாங்க. கறுப்புக் கண்ணாடியும், ஆடியோகிராம், ரத்த ரிப்போர்ட் எல்லாத்தோட நகலும், டாக்ஸிசைக்ளின் காலி அட்டையும் கையில இருக்கட்டும்.